இணையவழி நிதி திரட்டல்: சட்டமும் ஃபிக்ஹும்

அஸ்து குலத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரைப் பனூ சுலைம் கோத்திரத்தாரிடம் ஜகாத் வசூலித்து வருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். திரும்பி வந்த அவர், கொண்டுவந்தவற்றுள் ஒரு பகுதியைப் பொதுவுக்குரியது என ஒப்படைத்து, மற்றொரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்று கூறினார். பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள் பெருமானார். இந்நிகழ்ச்சியை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பில் பல இடங்களில் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றுள் ஓரிடத்தில், தலைவர் தம் அலுவலர்களிடம் கணக்குக் கேட்பது பற்றிய பாடமாகவே அதை அமைத்துள்ளார்கள். அப்பாடத் தலைப்பில் வரும் 'முஹாஸபா' என்ற சொல்லே இன்றைய அரபியில் கணக்கியல் துறைக்கும் பெயராக வழங்குகிறது.

வசூல் செய்பவரின் நேர்மை குறித்து ஐயம் எழாத அக்காலத்திலேயே கணக்குக் கேட்கப்பட்டது என்பதை நினைவில் நிறுத்தி, நம் காலத்து வசூலுக்கு வருவோம். ரமளான் பிறை தென்பட்டதும் நம் கைப்பேசிகளில் வந்து குவியும் வேண்டுகோள்களை வாசகர்கள் அறிவார்கள். மத்ரஸாவின் படம், ஓர் ஆயத்து, கீழே கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான ஒரு க்யூஆர் குறி. அதைக் கைப்பேசியில் காட்டி எண்ணை அழுத்தினால் பணம் போய்விடுகிறது. எங்கே போகிறது, யார் கையில் போய் நிற்கிறது, அந்தக் கை சட்டத்தின் பார்வையிலும் ஷரீஅத்தின் பார்வையிலும் யாருடைய கை என்பனவே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்டவை.

நாம் அறிந்த சிற்றூர் மத்ரஸா ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். அதன் செயலாளர் நல்லவர், தொழுகையாளி. மத்ரஸாவின் வங்கிக் கணக்கில் யுபிஐ வசதி பெறுவது சிக்கலாக இருந்ததால், தம் மகனின் சேமிப்புக் கணக்கிற்குரிய குறியையே துண்டறிக்கையில் அச்சிட்டுவிட்டார். நோன்பு இருபதுக்குள் நல்ல தொகை சேர்ந்தது. அதற்குள் எங்கோ இணைய மோசடியில் பறிபோன பணத்தின் ஒரு சிறு கூறு, பல கணக்குகளைக் கடந்து இந்தக் கணக்கையும் தொட்டிருக்கிறது. அந்த மோசடி பற்றிய புகாரின் பேரில் கணக்கு முடக்கப்பட்டது. அதிலிருந்தது மாணவர்களின் உணவுக்கென வந்த ஜகாத். அது மத்ரஸாவின் பணம் என்று காட்ட ஒரு தாளும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அது ஓர் இளைஞனின் பணம், அவ்வளவே. கொடுத்தவர்களின் கடமை நிறைவேறியதா என்று எம்மிடம் கேட்டார்கள். அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்ததே இக்கட்டுரைக்கு வித்து.

இந்தியாவில் இணையவழி நன்கொடைக்கென்று தனியொரு சட்டம் இல்லை. பல சட்டங்களின் விளிம்புகள் ஒன்றுகூடி அதை ஆள்கின்றன. முதல் தேவை, வாங்குபவர் சட்டம் அறிந்த ஓர் அமைப்பாக இருப்பது. பதிவு செய்யப்பட்ட அறக்கட்டளைப் பத்திரமோ, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படியான பதிவோ, 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழான நிறுவனப் பதிவோ இருக்க வேண்டும். அமைப்பின் பெயரிலேயே பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டும். இவை இருந்தால்தான் வங்கி அந்த அமைப்பை வணிகர் என்ற வகையில் ஏற்றுத் தனிக் குறி வழங்கும். நன்கொடை பெறும் மத்ரஸாவை வணிகர் என்று அழைப்பது காதுக்கு இனிதன்று. ஆயினும் பணப் பரிமாற்ற உலகில் பணம் பெறும் நிறுவனத்திற்கெல்லாம் அதுவே பெயர்.

அட்டை, இணைய வங்கி, யுபிஐ எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பெற விரும்பும் அமைப்புகள் இடையில் ஒரு பணத் தொகுப்பு நிறுவனத்தை அமர்த்துகின்றன. வணிக வழக்கில் பேமெண்ட் அக்ரிகேட்டர் எனப்படும் இவற்றுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17 அன்று நெறிமுறைகளை வெளியிட்டது. 2025 செப்டம்பரில் அவை ஒரே தொகுப்பாணையாகத் திருத்தி அமைக்கப்பட்டன. அவற்றின் கருவான விதி ஒன்று நம் கவனத்துக்குரியது. பிறருக்காக வாங்கிய பணத்தை அந்நிறுவனம் தன் சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது; எஸ்க்ரோ எனப்படும் தனிக் கணக்கில் வைத்து, உரியவருக்கு உரிய காலத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.

ஃபிக்ஹு நூல்களின் வகாலத் பாடத்தைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஜகாத்தைப் பிறருக்காகக் கொண்டுசெல்லும் வகீல், உரிய அனுமதியின்றி அதைத் தன் பொருளோடு கலந்துவிட்டால் அவனே அதற்குப் பொறுப்பாளி என்பது ஹனஃபீ நூல்களில் தெளிவாக உள்ளது. இன்னொரு நுட்பமும் உண்டு. இஸ்லாமிய ஆட்சியாளரின் வசூலாளரிடம் கொடுத்தவர், கொடுத்த அந்தக் கணமே கடமையிலிருந்து விடுபடுகிறார். தாமாக அமர்த்திக்கொண்ட வகீலிடம் கொடுத்தவரோ, அது ஏழையின் கையைச் சேரும்வரை விடுபடுவதில்லை; வழியில் தொலைந்தால் மீண்டும் கொடுக்க வேண்டியவராகிறார். இந்திய மத்ரஸா நிர்வாகிகள் கொடுப்பவரின் வகீல்களா, அல்லது மாணவர்களின் சார்பாகவும் பெறும் வகீல்களா என்பதில் நம் நாட்டு உலமாக்களிடையே இருவகைக் கருத்துகள் உண்டு. பின்னதை ஏற்றால் மத்ரஸாவின் கணக்கில் சேர்ந்ததும் ஜகாத் நிறைவேறிவிடும். எந்தக் கருத்தை ஏற்றாலும், செயலாளரின் மகனது சேமிப்புக் கணக்கு மாணவர்களின் கை ஆகாது. முடங்கிய கணக்கைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, பணம் மீளும்வரை பொறுத்திருங்கள், மீளாவிட்டால் திரும்பக் கொடுப்பதே பேணுதல் என்று சொல்ல நேர்ந்தது. சிலர் முகம் வாடியது.

கட்டணம் பற்றியும் கேள்விகள் எழுகின்றன. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியே செலுத்துவதற்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் பிடிக்கப்படுவதில்லை. கடன் அட்டைக்கு அப்படியன்று. நூற்றுக்கு 2 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், 1,000 ரூபாய் ஜகாத்தில் 20 ரூபாயும், அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரியாக 3 ரூபாய் 60 காசும் கழிந்து, மத்ரஸாவைச் சேர்வது 976 ரூபாய் 40 காசு. கழிந்த பகுதி ஏழையின் உடைமையாகவில்லை. தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எண்ணும் எட்டு வகையினருள் ஜகாத் பணியாளரும் உளராதலின், இதை அவர்கள் பங்கில் அடக்கலாம் என்பார் உளர். அட்டை நிறுவனத்தையும் வங்கியையும் அந்த வகையில் சேர்ப்பது எமக்கு உடன்பாடன்று. ஜகாத்திற்குரிய பக்கத்தில் கட்டணத்தைத் தனியே காட்டி, விரும்புவோர் அதையும் சேர்த்துச் செலுத்த வழிசெய்வதும், இயலாதபோது பொதுவான ஸதகாவிலிருந்து ஈடுசெய்வதுமே நேரிய வழி.

ஃபித்ராவில் காலமும் குறுக்கிடுகிறது. இருபத்தொன்பதாம் நோன்பு இரவில் ஒருவர் அட்டை வழியே ஃபித்ரா செலுத்துகிறார். கைப்பேசியில் வெற்றி என்று பச்சை நிறத்தில் தெரிகிறது. பணமோ தொகுப்பு நிறுவனத்தின் எஸ்க்ரோ கணக்கில் நிற்கிறது. மத்ரஸாவின் கணக்கிற்கு வர ஓரிரு வேலை நாள்களாகும், பெருநாள் விடுமுறை குறுக்கிட்டால் மேலும் தள்ளும். பெருநாள் தொழுகைக்கு முன் கொடுப்பது சிறப்பு என்பதும், தக்க காரணமின்றிப் பெருநாளைக் கடந்து தாழ்த்துவது ஷாஃபிஈ மத்ஹபில் கூடாதது என்பதும் வாசகர்கள் அறிந்ததே. ஆகவே அட்டைவழி ஃபித்ராவைச் சில நாள்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். அல்லது செலுத்துபவரின் ஒப்புதலைப் பக்கத்திலேயே பெற்றுக்கொண்டு, கையிருப்பிலிருந்து அரிசியை முன்னதாக வழங்கிப் பின்னர் ஈடுசெய்துகொள்ள வேண்டும். ஒரு வரி ஒப்புதல் போதும். அதைக் கேட்கும் பக்கங்களை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். (ஷாஃபிஈ மத்ஹபில் ஜகாத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வது குறித்த விவாதம் இணையத்தால் புத்துயிர் பெற்றுள்ளது. அது தனிக் கட்டுரைக்குரியது.)

வருமான வரிச் சட்டத்தின் தேவைகள் இவற்றினும் நுணுக்கமானவை. 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறை நாளாகக் கொண்டது. அதில் பிரிவு எண்கள் வேறு; மக்கள் வழக்கில் நிலைத்துவிட்ட 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்களையே ஈண்டுக் கையாள்கிறோம். அமைப்பின் வருமானம் வரியின்றி இருக்கப் பதிவு வேண்டும். அப்பதிவு காலவரம்பு உடையது, புதுப்பிக்கப்பட வேண்டுவது. 80ஜி ஒப்புதல் இதனின் வேறானது. அது கொடுப்பவருக்கு வரிச்சலுகை தருவது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்சலுகை இல்லை. 2021-22 நிதியாண்டு முதல், ஒவ்வொரு நன்கொடையாளரின் பெயர், அடையாள எண், தொகை ஆகியவற்றை 10பிடி என்ற படிவத்தில் மே 31க்குள் துறைக்கு அளித்து, அதன்பின் சான்றிதழ் வழங்கும் முறை வந்தது. அதற்கு முன்போல, அச்சடித்த ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நிலை இல்லை.

நம் துண்டறிக்கைகளில் மிகுதியாகக் காணும் பிழை ஒன்று இவ்விடத்தில் உள்ளது. ஜகாத் கேட்கும் வேண்டுகோளின் அடியிலேயே 80ஜி வரிவிலக்கு உண்டு என்று எழுதுகிறார்கள். 80ஜி ஒப்புதல் பெற்ற அமைப்பு ஒரு குறிப்பிட்ட மதச் சமூகத்தாரின் நன்மைக்கென அமைந்ததாக இருத்தல் கூடாது என்பது அப்பிரிவின் நிபந்தனை. சமயச் செலவுக்கு மொத்த வருமானத்தில் 5 விழுக்காடுவரை மட்டுமே இடமுண்டு. ஜகாத்தையோ முஸ்லிம் ஏழைகளுக்கே வழங்க வேண்டும் என்பது இமாம்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்து ஒரே ரசீதால் முடிப்பவர், ஒன்று அரசிடம் கொடுத்த வாக்குறுதியை மீறுகிறார், அல்லது ஜகாத் கொடுத்தவரிடம் பொருந்தாததைச் சொல்கிறார். சமயமும் அறமும் கலந்த நோக்குடைய அறக்கட்டளைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2014இல் தாவூதி போரா ஜமாஅத் வழக்கில் ஆராய்ந்து, நன்மைகள் ஒரு சமூகத்தாரோடு மட்டும் நின்றுவிடாதவரை வருமான விலக்கு மறுக்கப்படாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு, எல்லா ஜமாஅத்துகளுக்கும் 80ஜி கிடைக்கும் என்று பேசுவோரும் உளர். அது வருமான விலக்கைப் பற்றிய தீர்ப்பு. அதுவும் நன்மை பலருக்கும் விரிவதை நிபந்தனையாகக் கொண்டது. மருத்துவ உதவி, வெள்ள நிவாரணம், கல்வி உதவி ஆகியவற்றை எல்லா மக்களுக்கும் வழங்கும் அமைப்பு 80ஜி பெறட்டும். அதற்கு ஸதகா நிதி பொருந்தும். ஜகாத்திற்கு வேறு அமைப்பும் வேறு கணக்கும் இருப்பதே நலம். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு 80ஜி சலுகை கிடையாது என்பதால், அதைக் காட்டி ஈர்க்கும் பயனும் பெருமளவு குறைந்துவிட்டது.

பெயரறியா நன்கொடை பற்றிய விதி ஒரு முஸ்லிமின் மனத்தை உறுத்தக்கூடியது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுப்பவர், மறுமையில் அர்ஷின் நிழலில் இடம்பெறும் எழுவருள் ஒருவர் என்று நாம் பயான்களில் சொல்லி வருகிறோம். சட்டமோ, 2006ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 115பிபிசி பிரிவின்படி, கொடுத்தவரின் பெயரும் முகவரியும் குறித்து வைக்கப்படாத நன்கொடைகள் ஓர் அளவை மீறினால், மீறிய பகுதிக்கு 30 விழுக்காடு வரி விதித்தது. மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு, 1 லட்ச ரூபாய் ஆகிய இரண்டில் எது பெரிதோ அது அந்த அளவு. முழுதும் சமய நோக்குடைய அமைப்புகளுக்கு இவ்வரி இல்லை. ஆதலின் பள்ளிவாசல் உண்டியலுக்கு அச்சமில்லை. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்தும் அறக்கட்டளைக்கே இது பொருந்தும். சுவரில் ஒட்டிய க்யூஆர் குறியின் வழியே வரும் பணத்தில் அனுப்பியவரின் பெயர் தெரியும், முகவரி தெரியாது. எனவே பெயர், முகவரி கேட்கும் படிவத்தைக் கடந்தே பணம் செலுத்துமாறு பக்கத்தை அமைக்க வேண்டியிருக்கிறது. ஹதீஸ் நாடுவது மக்களின் புகழ்ச்சியிலிருந்து மறைத்தல். கணக்கேட்டிலிருந்து மறைத்தல் அன்று என்பது எம் துணிபு. நன்கொடையாளர் பட்டியலைத் தொகையுடன் பொதுவில் வெளியிடும் வழக்கத்தைத்தான் நாம் கைவிட வேண்டும். சட்டம் அதைக் கேட்கவில்லை.

இனி, நம் சமூகத்தை மிகவும் நெருங்கித் தொடும் சட்டத்திற்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் மத்ரஸாக்களும் யதீம்கானாக்களும் கடல் கடந்து சென்ற பிள்ளைகளின் பணத்தால் வளர்ந்தவை என்பதை விளக்க வேண்டியதில்லை. அப்பணத்தை ஆள்வது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். இச்சட்டத்தில் பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது, எந்த நாணயத்தில் வருகிறது என்பது முதல் கேள்வியன்று. கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதே முதல் கேள்வி. துபாயிலோ ரியாதிலோ பணிபுரியும் இந்தியக் கடவுச்சீட்டுடையவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் அல்லது மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர், விடுமுறைக்கு ஊர் வந்து, இந்திய ரூபாயில், மத்ரஸாவின் அலுவலகத்தில் நேரில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடையே. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்ற ஓசிஐ அட்டை இருப்பினும் நிலை மாறாது. ஓசிஐ என்ற பெயரில் 'குடிமகன்' என்ற சொல் இருப்பது பலரை ஏமாற்றிவிட்டது.

இதன் பொருள், இச்சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு தன் பணப் பக்கத்தில் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும் வசதியை மூடிவைக்க வேண்டும்; வெளிநாட்டில் வாழும் இந்தியரிடம் பெறும்போது கடவுச்சீட்டு விவரத்தைக் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும் என்பதே. பதிவு பெறுவதற்கோ, அமைப்பு மூன்றாண்டுகள் இயங்கியிருப்பதும், அக்காலத்தில் தன் பணிகளுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருப்பதும் தேவை. 2020 செப்டம்பர்த் திருத்தம் கட்டுப்பாட்டை இறுக்கியது. வெளிநாட்டு நன்கொடை முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு, புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். நிர்வாகச் செலவின் உச்ச வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. பெற்ற நன்கொடையை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பது அறவே தடுக்கப்பட்டது. பதிவுபெற்ற பெரிய அறக்கட்டளை வெளிநாட்டுப் பணத்தைப் பெற்று ஊர்தோறும் உள்ள சிறு மத்ரஸாக்களுக்குப் பகிர்ந்தளித்த பழைய வழி அத்துடன் அடைபட்டது. இத்திருத்தங்களை எதிர்த்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 8 அன்று அவை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. சிறு அமைப்புகளுக்கு இது பெரும் இழப்பு என்பதை மறைப்பதற்கில்லை. நாமும் அந்த இழப்பைக் கண்கூடாகக் கண்டவர்களே. ஆயினும் மீறினால் ஐந்தாண்டுவரை சிறைத் தண்டனைக்கு இடமுள்ள ஒரு சட்டத்தை, அறியாமல் செய்தோம் என்ற சொல்லால் கடக்க முடியாது. ஒரு முத்தவல்லி தவறினால் தண்டனை அவரோடு நிற்பதில்லை; கணக்கு முடங்கும்போது நூறு பிள்ளைகளின் இரவுச் சோறும் நிற்கிறது.

எஞ்சியவற்றைச் சுருங்கச் சொல்லலாம். மாதச் சந்தாவைத் தானாகப் பிடிக்கும் முறைக்கு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு உண்டு. பிடிப்பதற்கு ஒரு நாள் முன்னதாக அறிவிப்பு போக வேண்டும், விரும்பியபோது நிறுத்தும் வழியும் இருக்க வேண்டும். நன்கொடையாளரின் அட்டை எண்ணை அமைப்புகள் சேமித்துவைப்பது 2022 அக்டோபர் முதல் தடுக்கப்பட்டது. தவறுதலாகச் சென்ற தொகையைத் திருப்பித் தரும் காலவரையறையைப் பக்கத்தில் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருவனவாக அமைந்துள்ளன. ஒப்புதலின்றி ஒருவரின் விவரங்களைக் கையாள்வதை அது தடுக்கிறது. நோயுற்ற குழந்தையின் முகத்தையும் யதீம் பிள்ளைகளின் தட்டேந்திய கைகளையும் படமெடுத்து ஊரெங்கும் அனுப்பும் நம் வழக்கத்தை, அச்சட்டம் வருமுன்பே பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனம் நிறுத்தியிருக்க வேண்டும்.

முற்கூறிய மத்ரஸாவின் கணக்கு, பல மாதங்கள் அலைந்தபின் விடுவிக்கப்பட்டது. இப்போது அதன் துண்டறிக்கையில் அமைப்பின் பெயரிலான குறியே உள்ளது. ஜகாத்திற்கு ஒன்று, ஸதகாவிற்கு ஒன்று என இரண்டு. அடியில், பிறநாட்டுக் குடியுரிமையுடையோர் இதில் செலுத்த வேண்டாம் என்ற வரியும் சேர்ந்திருக்கிறது. அவ்வரியைக் கண்டு மலேசியாவில் குடியுரிமை பெற்ற முன்னாள் மாணவர் ஒருவர் மனம் வருந்தி எமக்குத் தொலைபேசியில் பேசினார். ஓதிய இடத்திற்கு ஒரு பிடி அரிசி தர வழியில்லையா என்பது அவர் கேள்வி. மத்ரஸாவுக்கு வழியில்லை என்றே சொன்னோம். ஊரில் அவருடைய உடன்பிறந்த சகோதரி, கணவரை இழந்து இரு பிள்ளைகளுடன் வாடகை வீட்டில் இருப்பதை அவரே பேச்சினிடையே குறிப்பிட்டார். உறவினருக்குத் தனிப்பட்ட முறையில் அனுப்பும் பணத்தை அச்சட்டம் தடுப்பதில்லை. ஓராண்டில் 10 லட்சம் ரூபாயைக் கடந்தால்தான் பெற்றவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள சகோதரிக்குக் கொடுப்பது ஸதகாவும் உறவைப் பேணுவதுமாகிய இரு நன்மைகளை உடையது என்பதை அவர் எம்மிடம் ஓதியபோதே படித்திருக்கிறார். அந்தப் பணம் மத்ரஸாவுக்கு மாறக் கூடாது என்பதை மட்டும் இருமுறை வலியுறுத்திச் சொல்லி வைத்தோம்.